சீசரின் நொண்டல்

நாய் மனிதனைக் கடித்தால் அது செய்தியன்று. மனிதன் நாயைக் கடித்தால்தான் செய்தி. பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்த முதல் நாளிலேயே எனக்குச் சொல்லப்பட்ட பாடம் இது. சொன்னவர் எமது செய்தி ஆசிரியர். வெற்றிலைக் காவி படிந்த பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டே சொன்னார். அதன் பின்னர் நாற்பது ஆண்டுகள் அத்தொழிலிலேயே காலம் கழிந்தது. நாய்களைப் பற்றி நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தால், விசர்நாய்த் தடுப்பூசி போடும் தினங்களின் அறிவித்தல்களைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. ஓய்வு பெற்றபின், எவரையும் கடிக்காத, எவராலும் கடிபடாத ஒரு நாயைப் பற்றி எழுத இப்போது உட்கார்ந்திருக்கிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

அவருடைய பெயர் சீசர். ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மாரியில், எங்கள் படலையடியில் கிடந்த பழைய உரப்பைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை மனைவி தூக்கிவந்து குசினிக்குள் விட்டார். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையிலே குட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் வீட்டுக்குள் வந்தது இது ஒன்றுதான். ரொறன்ரோவில் இருக்கும் பேத்தி அப்போது உரோமாபுரியின் சரித்திரக் கதைகளை வாசித்துக்கொண்டிருந்தாள். வட்ஸ்அப் திரையில் குட்டியைக் கண்டதும், "அப்பப்பா, அம்மப்பா என்றெல்லாம் எனக்குக் குழப்பம், நாய்க்காவது ஒரே பெயர் இருக்கட்டும்" என்று சொல்லிச் சீசர் என்று பெயர் வைத்தாள். சாதியில் அவர் நாட்டு நாய். பழுப்பு நிறம், நெஞ்சில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. ஒரு காது நிமிர்ந்து நிற்கும். மற்றது மடிந்து கிடக்கும். பெயருக்கு ஏற்றபடி அரசியலில் அவருக்கு நாட்டமில்லை, நாடகத்தில்தான் நாட்டம்.

காலை ஆறரை மணிக்கு நாடகம் தொடங்கும். பாண் விற்கும் முச்சக்கர வண்டி ஒழுங்கை முனையில் திரும்பும்போதே அதன் ஒலிபெருக்கியில் அந்த இசை கேட்கும். இலங்கையின் பட்டிதொட்டியெங்கும் பாண்காரரின் இசையென்றே அறியப்பட்ட அது, பீத்தோவன் 1810இல் எலீசு என்ற பெயருக்கு இயற்றிய பியானோ இசை. சீசர் முற்றத்தின் நடுவில் வந்து நின்று, கழுத்தை நீட்டி, கண்களை மூடி, வண்டி அடுத்த ஒழுங்கைக்குப் போகும் வரை கூடவே ஓலமிடுவார். காது கேளாமற் போன பின்னர் இயற்றிய மேதை என்று அவரைச் சொல்வார்கள். எங்கள் முற்றத்தைப் பொறுத்தவரை அது அவருக்கு வாய்த்த பாக்கியம் என்பேன்.

பாண் வாங்கி வந்த பின்னர் இரண்டாம் காட்சி. நான் சாய்மனைக்கதிரையில் இருந்து பாணும் சம்பலும் உண்பேன். அவர் எதிரில் அமர்ந்து என் கையையும் வாயையும் மாறிமாறிப் பார்ப்பார். மூன்றாவது வாய்க்கும் அவருக்குப் பங்கு கிடைக்காவிட்டால் ஒரு பெருமூச்சுடன் பக்கவாட்டில் சரிந்து விழுவார். நாலு கால்களும் விறைத்து நீண்டுவிடும். ஒரு கண் மட்டும் சிறிது திறந்திருக்கும். அது மனைவி குசினி வாசலுக்கு வந்துவிட்டாரா என்று பார்ப்பதற்கு.

"இஞ்சாருங்கோ, அந்தச் சீவனுக்கு ஒரு துண்டைக் குடுங்கோ. பேந்து நாள் முழுக்கச் சன்னதம் ஆடப்போறான்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். துண்டு விழுந்ததும் பிணம் எழுந்துவிடும்.

குளிப்பாட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். கிணற்றடியில் முதல் வாளி தண்ணீர் முதுகில் விழுமுன்பே அவர் போடும் கூச்சலைக் கேட்டு, பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, வாயில்லாச் சீவனைப் போட்டு அடிக்கிறியளே?" என்று கேட்டிருக்கிறார். வாயில்லாச் சீவன்! தடுப்பூசி போடக் கொண்டுபோன நாளில், நான் அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டிருக்க வைத்தியர் ஊசியை ஏற்றினார். சீசர் வைத்தியரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். உரோமாபுரிச் சீசர் கடைசியாகப் புரூட்டஸை அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் தலைசிறந்தது நொண்டல். இரண்டு வருடங்களுக்கு முன்னர் வலது முன்னங்காலில் நெருஞ்சி முள் ஒன்று ஏறிவிட்டது. மனைவி முள்ளை எடுத்து, மஞ்சள் பூசி, மூன்று நாட்கள் பாலும் மாரி பிஸ்கட்டுமாக உபசரித்தார். கால் ஆறிவிட்டது, உபசாரத்தின் நினைவு ஆறவில்லை. அன்று முதல் ஏதாவது காரியம் ஆகவேண்டுமானால் நொண்டல் வந்துவிடும். நாங்கள் படலையைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டால் நொண்டுவார். விருந்தினர் வந்து அவரைக் கவனியாதிருந்தால் நொண்டுவார். நான் செய்தித்தாளை விரித்தால் நிச்சயம் நொண்டுவார். ஒருமுறை பழைய தொழிற்புத்தி தூண்ட, நாட்குறிப்பில் குறித்து வைத்தேன். திங்கட்கிழமை வலது முன்னங்கால். வியாழக்கிழமை இடது முன்னங்கால். ஞாயிற்றுக்கிழமை மீண்டும் வலது. சாட்சியம் முன்னுக்குப் பின் முரணானது என்று தீர்ப்பெழுதி, அன்றிலிருந்து பிஸ்கட்டை நிறுத்தினேன். மனைவி எனக்குத் தெரியாமல் கொடுத்துவந்தார் என்பது வேறு விடயம்.

இது சீசருக்கு மட்டும் உரிய குணமன்று. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கொன்ராட் லோரன்ஸ், நாய்களைப் பற்றி 1950இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட நூலில், தம்முடைய நாயொன்றும் இப்படியே நொண்டியதை விவரித்திருக்கிறார். அவர் சைக்கிளில் வேலைக்குச் செல்லும்போது மட்டும் அதற்குக் கால் வலிக்குமாம். அங்கே போனால் மணிக்கணக்கில் சைக்கிளுக்குக் காவல் இருக்கவேண்டும். பொழுதுபோக்காகப் புறப்பட்டால் வலி மறைந்து துள்ளி ஓடுமாம். இதை வாசித்த நாளில் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அந்த மனுசனும் பிஸ்கட்டை நிப்பாட்டினவரோ?" என்று கேட்டுவிட்டு அவர் குசினிக்குள் போய்விட்டார்.

இனிச் சித்திரை மாதத்துக்கு வருகிறேன். எங்கள் இளவேனிலில் உருகுவதற்குப் பனியில்லை. வேம்பு பூத்து முற்றமெல்லாம் வெண்பொடியாய்க் கொட்டும். கறுத்தக்கொழும்பானில் பிஞ்சுகள் தொங்கத் தொடங்கும். விடியற்புறத்தில் குயில் கூவும். அதற்குச் சீசர் தலையைச் சரித்து உறுமிப் பதில் சொல்வார். தமக்குப் போட்டியாக இன்னொரு பாடகர் வந்துவிட்டார் என்ற எண்ணம் போலும். ஏப்ரல் 5ஆம் திகதியளவில் சூரியன் இலங்கையின் தென்கோடிக்கு நேர்மேலே வருகிறது. நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, புத்தாண்டை ஒட்டி எங்கள் தலைக்கு நேரே நிற்கிறது. நண்பகலில் கிணற்றுக் கப்பிக் கம்பத்துக்கும் நிழல் இராது. அந்த நாட்களில் சீசர் கிணற்றடி வாழைகளுக்குள் குழி தோண்டி, ஈர மண்ணில் வயிற்றை வைத்துப் படுத்துவிடுவார். மாலையில் இடி முழங்கி ஒருபாட்டம் மழை பெய்தால் எழுந்து வருவார்.

இந்தச் சித்திரையிலும் புத்தாண்டு வழமைபோலவே பிறந்தது. கோயிலிலிருந்து மருத்துநீர் கொண்டுவந்து தலையில் வைத்து நீராடினோம். மனைவி சீசரின் நெற்றியிலும் ஒரு துளி வைத்தார். அமிலம் பட்டவர்போல் அவர் தலையை உதறி முற்றத்தைச் சுற்றி ஓடினார். பேத்தி திரையில் பார்த்துச் சிரித்தாள். அப்போதுதான் ஒழுங்கை முனையில் பையன்கள் சீனவெடி கொளுத்தினார்கள்.

சீசர் ஓலமிடவில்லை. சரிந்து விழவுமில்லை. சத்தமின்றி எங்கள் படுக்கையறைக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டிய மூலையில் ஒடுங்கிவிட்டார். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலியையே கேட்கும்; நாயின் செவி 45,000 வரை கேட்கும் என்பார்கள். அந்த வெடிகள் அவருக்கு எப்படிக் கேட்டனவோ தெரியாது. எனக்கும் மனைவிக்கும் எப்படிக் கேட்டன என்பது தெரியும். ஷெல் குத்தும் ஒலியை வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டு படுத்தவர்கள் நாங்கள். மனைவி புதுச்சேலையோடு வெறுந்தரையில் படுத்து, கட்டிலுக்கடியில் கையை நீட்டி, "ஒண்டுமில்லை ராசா, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

இங்கே ஒரு பழங்கதையைச் சொல்லியாக வேண்டும். சீசருக்கு முன்னர் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. பெயர் ரைகர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாய்களுக்கு அது சாதாரணமான பெயர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை, ஊரைவிட்டு உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில், மழைக்குள், செம்மணி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தார்கள். எங்களிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதன் முன்பாரில் ஏழு வயது மகள், பின்னால் இரண்டு பைகள். மனைவி கைபிடித்து நடந்து வந்தார். ரைகரின் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, சட்டி நிறையச் சோறு வைத்துவிட்டுப் புறப்பட்டேன். அது சோற்றைத் தொடவில்லை. பின்னாலேயே வந்தது.

சந்தியில் சனநெரிசல் தொடங்கியது. அந்த நெரிசலுக்குள் நாய் வந்தால் மிதிபட்டுவிடும் என்று நினைத்தேன். "வீட்டை போ" என்று அதட்டினேன். போகவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். எறியவில்லை, பயமுறுத்தினேன் என்றுதான் பல காலம் பிறருக்குச் சொல்லிவந்தேன். எறிந்தேன். அது முன்னங்காலில் பட்டது. ரைகர் ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டு நொண்டியபடி திரும்பி நடந்தது. மகள் பாரில் இருந்தவாறே எல்லாவற்றையும் பார்த்தாள்.

நாங்கள் வீடு திரும்பியது 1996இல், இதேபோன்றதொரு இளவேனிற் காலத்தில். வேம்பு பூத்திருந்தது. சோற்றுச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு நாய் எலும்பும் தோலுமாக உயிர் தப்பியிருந்தது. அதன் பெயரும் ரைகர்தான். ஒழுங்கையில் இராணுவம் நின்ற நாட்களில் அப்பெயரை உரத்துக் கூப்பிட எவருக்கும் துணிவில்லாததால் அது ஒரே நாளில் ரொமி ஆகிவிட்டது. எங்கள் ரைகர் இருக்கவில்லை. அதன் பிறகு கால் நூற்றாண்டு வரை எங்கள் வீட்டில் நாய் வளர்க்கவில்லை. காரணத்தை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவுமில்லை.

புத்தாண்டுக்கு மறுநாள் சீசர் நொண்டினார். இம்முறை பின்னங்கால். வெடிக்குப் பயந்ததற்கு உபசாரம் கேட்கிறார் என்று நினைத்து நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். நாட்குறிப்பை எடுத்துப் பார்த்திருந்தால், இரண்டு வருடப் பதிவில் ஒருமுறைகூடப் பின்னங்கால் இல்லை என்பது கண்ணிற் பட்டிருக்கும். முரண்பாட்டைக் கண்டுபிடித்துப் பெருமைப்பட்ட நான், புதிய தகவலைக் கவனிக்கவில்லை. அடுத்த நாள் பாண் வண்டி வந்தபோது முற்றத்தில் இசைக்கச்சேரி இல்லை. "உருத்திராட்சப் பூனை மாதிரி இண்டைக்கு விரதமாக்கும்" என்று பகிடியும் விட்டேன். மனைவி சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவரைக் காணவில்லை. கூப்பிட்டும் வரவில்லை. வளவு முழுவதும் தேடி, கடைசியில் கிணற்றுக்குப் பின்னால், விறகு அடுக்கியிருக்கும் இடுக்கில் கண்டேன். வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடம் அது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன, இரண்டும். எவராவது பார்க்கிறார்களா என்று அறிய ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.

அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. சீசர் நடித்ததெல்லாம் எங்களுக்கு முன்னால். உண்மையாகவே வலி வந்தபோது எங்கள் கண்ணிற் படாத இடத்தைத் தேடிப் போய்விட்டார். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய முரசு வெள்ளைக் கடதாசி போல் இருந்தது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

முச்சக்கர வண்டியொன்றைப் பிடித்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். மனைவியின் மடியில் தலையை வைத்தபடி வந்தவர், ஊசி ஏற்றியபோது என்னைப் பார்க்கக்கூட இல்லை. புரூட்டஸ் என்று பழிக்கவாவது பார்க்கமாட்டாரா என்றிருந்தது. இளவயது வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார். நாயின் உடலில் ஒட்டும் பழுப்பு உண்ணியால் பரவும் எர்லிக்கியா என்ற கிருமி. அது வெண்குருதிக் கலங்களுக்குள் புகுந்து பெருகும், இரத்தம் உறையத் தேவையான சிறுதட்டுகளைக் குறைக்கும், சோகை வரும், மூட்டுக்களில் வலி வந்து நொண்டலும் ஏற்படலாம். வெயில் காலத்தில் உண்ணிகள் விரைவாகப் பெருகும். காதுமடலின் உட்பக்கத்தையும் கால்விரல் இடுக்குகளையும் நாள்தோறும் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே, சீசரின் மடிந்த காதுக்குள்ளிருந்து நாலைந்து உண்ணிகளை எடுத்துக் காட்டினார்.

"நொண்டினதை எப்ப கண்டனீங்கள் ஐயா?" என்று கேட்டார்.

"மூண்டு நாளுக்கு முன்னம்" என்றேன். ஏன் அன்றே கொண்டுவரவில்லை என்று அவர் கேட்கவில்லை. இருபத்தெட்டு நாட்களுக்கு டொக்ஸிசைக்கிளின் குளிசை எழுதித் தந்தார்.

அன்றிரவு விறாந்தையில் சாக்கு விரித்து, சீசருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். கரண்டியால் தண்ணீர் பருக்கினால் பாதி வெளியே வழிந்தது. நித்திரை வரவில்லை. பழைய அலுவலகத்தின் நினைவு வந்தது. யுத்த காலத்தில் எமது ஆசிரியபீடத்துக்கு நாள்தோறும் சனங்கள் வருவார்கள். பிள்ளையைக் காணவில்லை என்பார்கள், வீடு போயிற்று என்பார்கள். சிலர் மேசையில் அடித்துக் கதறுவார்கள். சிலருடைய கதையில் திகதியும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பொருந்தாதவற்றைக் கண்டுபிடிப்பதே எமது வேலை. சுவரோரம் வாங்கிலில் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, மணி நாலடித்ததும் எழுந்து போன ஒரு தாயை நினைத்துக்கொண்டேன். இரண்டு மூன்று தடவை வந்தவர். அவரிடம் போய் என்ன விடயம் என்று நான் கேட்கவில்லை. மேசைக்கு வருவார் என்று இருந்துவிட்டேன். பின்னர் அவர் வரவில்லை. சத்தமிட்டவர்களைச் சந்தேகித்ததில் எனக்கு வருத்தமில்லை, அது தொழில். எழுந்துபோய்க் கேளாமல் விட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

விடியற்காலை மூன்று மணியளவில் ரொறன்ரோவிலிருந்து மகள் அழைத்தாள். அங்கே மாலை நேரம். சீசரைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பா, இந்த முறை கூட இருக்கிறியள்தானே" என்றாள். இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் பேசாத விடயத்தை அவள் இவ்வளவில் பேசி முடித்துவிட்டாள். "ஓம் பிள்ளை, இருக்கிறன்" என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை.

ஐந்தாம் நாள் சீசர் கஞ்சி குடித்தார். எட்டாம் நாள் குயிலுக்கு உறுமினார். குளிசையை வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்தால் பழத்தை உண்டு குளிசையைத் துப்பும் திறமை பத்தாம் நாள் திரும்பியது. வைகாசி பிறந்து இரண்டு நாட்கள் கழிந்த ஒரு காலையில் பாண் வண்டி ஒழுங்கை முனையில் திரும்பியபோது, முற்றத்தின் நடுவிலிருந்து அந்த ஓலம் எழுந்தது. குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. மனைவி வெளியே ஓடிவந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். பீத்தோவனுக்கு இப்படியொரு மரியாதை எங்கள் வீட்டில் அதற்கு முன்னர் கிடைத்ததில்லை.

இருபத்தெட்டுக் குளிசைகளும் முடிந்துவிட்டன. முரசு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. நாட்குறிப்பு இப்போதும் எழுதுகிறேன். உண்ணி எத்தனை, காய்ச்சல் உண்டா, எந்தக் கால் என்று. நேற்று மாலை நாங்கள் கோயிலுக்குப் புறப்பட்டபோது சீசர் படலைவரை நொண்டிக்கொண்டு வந்தார். வலது முன்னங்கால். குனிந்து காலைத் தூக்கி, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காதுமடலைத் திருப்பிப் பார்த்தேன். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, கலப்படமில்லாத நடிப்பு.

உள்ளே திரும்பிப்போய் ஒரு மாரி பிஸ்கட் எடுத்துவந்து கொடுத்தேன். "இப்ப மட்டும் பிந்தவில்லையோ?" என்று மனைவி கேட்டார். கோயிலில் பூசை தொடங்கிவிட்டதற்கான மணி கேட்டது. அவர் பிஸ்கட்டைத் தின்று முடிக்கும் வரை படலையடியில் நின்றுவிட்டு, பிறகு நடந்தோம்.